முற்றத்துச் சதுரங்கமும் நமது பிள்ளைகளும்

ஆண்டுவிழாவுக்கு வருகை தரும் பெற்றோரும் நண்பர்களும் மண்டபத்தின் முன்வாயிலால் நுழைந்து, மேடையலங்காரத்தைக் கண்டு மகிழ்ந்து, பிள்ளைகளின் நிகழ்ச்சிகளை ஒளிப்படம் எடுத்துக்கொண்டு, அதே வாயிலால் வெளியேறுவது வழக்கம். இம்முறை அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இடைவேளையின்போது தேநீர்க் கோப்பையுடன் பின்முற்றத்துக்கும் ஒருதடவை வந்து பாருங்கள். அங்கே நான்கு மீற்றர் நீளமும் நான்கு மீற்றர் அகலமும் கொண்ட சதுரங்கப் பலகையொன்று நிலத்திற் பதிக்கப்பட்டிருக்கின்றது. அதன்மேல் 32 காய்கள் நிற்கின்றன. அரசன் பாலர் வகுப்புப் பிள்ளையின் கழுத்தளவு உயரமானவன்.

சென்ற மாதம் ஒரு தந்தையார் அவற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், இது எந்தக் கடையில வாங்கினது? நல்ல விலை வந்திருக்குமே" என்று வினவினார். அங்கு நின்ற இரண்டு இராணிகளுள் ஒருத்திக்கு வர்ணம் பூசியவள் அவருடைய மகள்தான். மகள் வீட்டிற் சொல்லவில்லையா, சொன்னது தந்தையின் காதில் விழவில்லையா என்பது நமக்குத் தெரியாது. பகலில் ஒரு வேலையும் இரவில் ஒரு வேலையும் செய்யும் ஒருவரிடம் அதைத் துருவிக் கேட்பதும் முறையன்று. எனவே அந்த இராணியின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினோம். அடித்தட்டிலே சிறிய எழுத்தில் அவளுடைய பெயர் தமிழில் இருந்தது. அவர் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இக்கட்டுரை எழுதப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. விழா முடிந்ததும் இக்காய்கள் அனைத்தையும் பொலித்தீனாற் சுற்றி நிலவறையிற் பூட்டி வைக்கவேண்டும், அடுத்த ஆண்டுவிழாவுக்கு மட்டும் வெளியே எடுக்கவேண்டும் என்றொரு கருத்துப் பெற்றோர் கூட்டத்திலே முன்வைக்கப்பட்டது. சொன்னவர்கள் பாடசாலையின்மீது உண்மையான அக்கறை கொண்டவர்கள். அவர்களிற் சிலர் விடுமுறை நாட்களை இழந்து இவ்வேலையில் உழைத்தவர்கள். ஆயினும் நாம் இக்கருத்துக்கு உடன்படவில்லை. கூட்டத்திலே நேரம் போதாமையாற் சொல்ல முடியாமற் போனதை இம்மலரிற் சொல்ல விரும்புகின்றோம்.

முதலில் இந்த எண்ணம் எவ்வாறு தோன்றியது என்பதைச் சொல்லவேண்டும். 2024 டிசெம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் சிங்கப்பூரிலே சீனத்தின் டிங் லிரெனை வென்று உலக வெற்றிவீரரானபோது அவருக்கு வயது 18. அதற்கடுத்த சனிக்கிழமை நமது பாடசாலையில் எந்த வகுப்பிலும் பாடம் ஒழுங்காக நடக்கவில்லை. பெற்றோர் பலர் சதுரங்க வகுப்புத் தொடங்கும்படி கேட்டனர். தமது பிள்ளையை எத்தனை ஆண்டுகளில் எந்நிலைக்குக் கொண்டுவரலாம் என்று கணக்குப் போட்டு வந்தவர்களும் இருந்தனர். நல்லதே. ஆனால் போட்டிச் சதுரங்கம் கற்பிப்பதற்கு இந்த நாட்டில் நம்மிலும் தேர்ந்த பயிற்றுநர் உளர். அநேகமாக ஒவ்வொரு பட்டினத்திலும் ஒரு சதுரங்கக் கழகம் உண்டு. தமிழ்ப் பாடசாலையிற் சதுரங்கம் என்றால் அதிலே தமிழுக்கு என்ன வேலை என்பதே நமது கேள்வியாக இருந்தது.

இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமற் சொல்லிவிடலாம். வகுப்பறையில் நாம் கேட்கும் கேள்விக்கு நமது பிள்ளைகள் தமிழில் விடை சொல்கின்றார்கள். பேச்சுப் போட்டியிலே மனனம் செய்த பத்து நிமிட உரையை ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்புவிக்கின்றார்கள். இடைவேளை மணி அடித்ததும் தமிழ் புத்தகப்பைக்குள் போய்விடுகின்றது. தமக்குள் அவர்கள் கதைப்பது சுவிஸ் டொச்சில்தான். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. பேச்சுப் போட்டிக்கு வெளியே தமிழால் ஆகவேண்டிய வேலை எதையும் நாம் அவர்களுக்குக் கொடுத்ததில்லை. ஒருவர் சொல்ல, மற்றவர் பிடிக்க, மூன்றாமவர் அறுக்க வேண்டிய ஒரு வேலை இருந்தால் என்ன என்று யோசித்தோம்.

மற்றொரு காரணம் நமக்குச் சொந்தமானது. 2010ஆம் ஆண்டு இந்நாட்டுக்கு வந்து சேர்ந்து, 'என்' அனுமதி அட்டையுடன் புகலிடக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில், சூரிச் நகரின் நடுவே லிம்மத் ஆற்றை நோக்கியிருக்கும் லிண்டன்ஹோப் மேட்டுக்கு அடிக்கடி போவோம். உரோமர் காலத்திற் கோட்டையாக இருந்த அந்த மேட்டிலே மரநிழலில் முதியவர்கள் முழங்காலளவு உயரமான காய்களைத் தூக்கித் தூக்கி வைத்துச் சதுரங்கம் ஆடுவார்கள். ஜெனீவாவின் பஸ்தியோன் பூங்காவிலும் இத்தகைய பலகைகள் உண்டு. வன்னியிலே கணித ஆசிரியராக இருந்த நாம் அங்கே கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாட்கள் வேடிக்கை பார்த்தோம். நான்காம் நாள் ஒரு முதியவர் எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டினார். அவருடைய மொழி நமக்குத் தெரியாது. நமது மொழி அவருக்குத் தெரியாது. விளையாடினோம், தோற்றோம். இந்நாட்டுக்கு வந்தபின் நமது அட்டையைக் கேட்காத முதல் மனிதர் அவர். அங்கே நுழைவுச்சீட்டு இல்லை, அங்கத்துவம் இல்லை, சாவிக்காரர் இல்லை. காய்கள் கண்ணுக்கு முன்னால் நின்றபடியாற்றான் அது நடந்தது என்பதை நிலவறைக் கட்சியினர் மனத்திற் கொள்ளவேண்டும்.

சரி, திட்டத்துக்கு வருவோம். பெற்றோர் கூட்டத்திலே நாம் இதனை விளக்கி முடித்ததும், பின்வரிசையில் இருந்த தாயொருவர் எழுந்தார். "மாஸ்ரர், இஞ்சையும் பிள்ளையளுக்கு ஆமி விளையாட்டோ?" என்று கேட்டார். மண்டபம் அமைதியாயிற்று. அவர் யாரை இழந்தவர் என்பது அங்கிருந்த பலருக்கும் தெரியும். 2009இல் அதே பாதையால் நடந்து வந்த நமக்கும் தெரியும். அன்று அவருக்குச் சொல்ல நம்மிடம் விடை இருக்கவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டோம்.

அடுத்த சனிக்கிழமை காய்களின் பெயர்களைப் பற்றி ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களுடன் உரையாடினோம். நமது பாடசாலை நடத்திய வகுப்புக்களில் மிகவும் நல்ல வகுப்பு அதுவென்றே சொல்லலாம். மூலைவிட்டத்திற் செல்லும் காயை நாம் மந்திரி என்கிறோம். ஆங்கிலேயர் அதனை ஆயர் என்பர். இதே சுவிற்சர்லாந்தில் ஜெர்மன் பேசுவோருக்கு அது ஓடுபவன், பிரெஞ்சு பேசுவோருக்குக் கோமாளி, இத்தாலியன் பேசுவோருக்குக் கொடி பிடிப்பவன். இரசியருக்கு அது இன்னமும் யானைதான். பழைய இந்திய ஆட்டத்திலே அவ்விடத்தில் நின்றது யானையே; அரபு மொழியில் யானைக்குரிய சொல்லே உருமாறி இத்தாலியக் கொடிகாரனாயிற்று. இராணியோ தொடக்கத்தில் இராணியே அல்லள். அரசனுக்கு அருகில் நின்று மூலைவிட்டத்தில் ஒரேயொரு கட்டம் மட்டும் நகரும் ஓர் அமைச்சர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலேதான் அக்காய்க்கு இன்றைய வலிமை கிடைத்தது. இவற்றைக் கேட்ட பிள்ளைகள், அப்படியானால் நாங்களும் பெயர் வைக்கலாமா என்று கேட்டார்கள்.

அப்போதுதான் ஒரு மாணவன் சொன்னான்: "சேர், டொச்சில கடைசிக் காய் ஆமி இல்லை. பௌவர். கமக்காரன்." நாம் இதுவரை சிப்பாய் என்றும் காலாள் என்றும் சொல்லிப் பழகிய காய்க்கு ஜெர்மன் மொழியில் உழவன் என்றே பெயர். அந்தப் பையனுக்குக் கமக்காரன் என்ற சொல் எங்கிருந்து கிடைத்தது என்று விசாரித்தோம். தொலைபேசியில் அம்மம்மா சொல்லக் கேட்டதாம். நமது பாடப்புத்தகம் எதிலும் அச்சொல் இல்லை.

அதற்கு மறுவாரம் அந்தத் தாயிடம் பிள்ளைகளே போய்ச் சொன்னார்கள். அவர் சிரித்தார் என்றோ, மனம் மாறினார் என்றோ எழுதினாற் கதைக்கு அழகாக இருக்கும், அப்படி நடக்கவில்லை. "என்ர அப்பாவும் கமக்காரன்தான்" என்று மட்டும் சொன்னார். பின்னர் ஒரு காகிதத்தில், வயலுக்குப் போகும்போது தலையிலே துண்டை எப்படிக் கட்டுவார்கள் என்று வரைந்து கொடுத்தார். நமது பலகையிலே நிற்கும் பதினாறு கமக்காரரின் தலையிலும் நீங்கள் காணும் தலைப்பா அவர் வரைந்ததே. காயை 'வெட்டுதல்' என்ற சொல்லும் அவருக்காகவே விலக்கப்பட்டது. இங்கே 'எடுத்தல்' என்றே சொல்கிறோம். பெயரை மாற்றினாற் போர் போய்விடாது என்பது நமக்குத் தெரியும். நாற்படை என்னும் பொருளிலேயே சதுரங்கம் என்ற பெயர் பிறந்தது. அந்தத் தாய் இன்றுவரை ஆட்டத்தைப் பார்க்க வருவதில்லை. அது அவருடைய உரிமை. தலைப்பா நன்றாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒருமுறை வந்தார்.

இனி வேலையைப் பற்றி. உலக சதுரங்கச் சம்மேளனம் போட்டிக் காய்களுக்குப் பரிந்துரைக்கும் உயரங்கள் இவை: அரசன் 9.5 சென்ரிமீற்றர், இராணி 8.5, மந்திரி 7, குதிரை 6, கோட்டை 5.5, காலாள் 5. பத்து மடங்காகப் பெருக்கினோம். அரசன் 95, கமக்காரன் 50. கட்டத்தின் பக்கம் காலாளின் அடியகலத்தைப்போல் இருமடங்காக இருக்கவேண்டும் என்பதும் அவர்களுடைய அளவு; அதாவது ஒரு கட்டத்தில் நான்கு காலாட்களை அடுக்கலாம். தோட்டங்களிற் பதிக்கும் கொங்கிறீற் கல் 50 சென்ரிமீற்றர்ச் சதுரமாகக் கிடைக்கின்றது. ஆகவே கமக்காரனின் அடி 25, அரசனின் அடி 38 என்று வகுத்தோம். விகிதசமம் என்ற பாடத்தை வன்னியிலே கரும்பலகையில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறோம். அளவுநாடாவைக் கையிற் பிடித்துக்கொண்டு மாணவர்கள் அதற்காக ஒருவரோடொருவர் சண்டை பிடித்ததை இங்கேதான் கண்டோம். சண்டை பாதி தமிழில் நடந்தது.

பாரிய காய்களை மரத்திலே கடைவதற்கு நம்மிடம் பொறி இல்லை. ஆதலால் 15 மில்லிமீற்றர் தடிப்புள்ள, வெளிப்பாவனைக்குரிய ஒட்டுப்பலகையில் ஒவ்வொரு காயின் பக்கத்தோற்றத்தையும் இரண்டு தடவை வெட்டி, ஒன்றில் மேலிருந்து நடுவரைக்கும் மற்றதிற் கீழிருந்து நடுவரைக்கும் பிளவு வைத்து, குறுக்காகக் கோத்தோம். எப்பக்கம் நின்று பார்த்தாலும் காயின் உருவம் தெரியும். 32 காய்க்கு 64 துண்டு, பலகையிலும் 64 கட்டம் என்று பிள்ளைகள் துள்ளினார்கள். குதிரை அந்தக் கணக்கைக் கெடுத்தது. குதிரைத் தலையைக் குறுக்காகக் கோத்தால் ஒரு கழுத்தில் இரண்டு முகம் கொண்ட விலங்கு ஒன்று தோன்றும்! எனவே நான்கு குதிரைகளுக்கும் மும்மூன்று பலகைகளை ஒட்டித் தடிப்பாக்கினோம். மொத்தம் 68 துண்டுகள்.

இந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தந்தையார். பெயர் வேண்டாம் என்றார். உணவகமொன்றின் சமையற்கூடத்திற் பல ஆண்டுகளாகப் பாத்திரம் கழுவுபவர். பெற்றோர் கூட்டங்களிலே ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஊரில் அவர் தச்சர் என்பது நமக்கே தெரியாதிருந்தது. முதல்நாள் அவர் ஒரு பையைக் கொண்டுவந்து விரித்தார். உளி, சீவுளி, துறப்பணம், மூலைமட்டம் எல்லாம் எண்ணெய் பூசி வைக்கப்பட்டிருந்தன. அவருடைய மகனுக்கு இந்நாட்டுப் பாடசாலையிற் கைவேலைப் பாடம் உண்டு. மின்வாள் பிடிக்க அவனுக்குத் தெரியும். அதன் பெயர் தமிழிலே தெரியாது. தந்தைக்கு மரத்தின் போக்குத் தெரியும். டொச் அதிகம் தெரியாது. "வாளை அமத்தாதை, அதின்ர பாட்டில போகவிடு" என்று தந்தை சொல்ல, மகன் அதை டொச்சில் மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்னான். இரண்டாம் வாரம் அவன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டான். தேவைப்படவில்லை. அந்தப் பையன் இப்போது தந்தையை வேறுவிதமாகப் பார்க்கிறான் என்று சிலர் சொல்கிறார்கள். அது அவர்கள் வீட்டு விடயம். நாம் கண்டது இதுதான்: இடைவேளை மணி அடித்த பின்பும் அந்த மூலையிலே தமிழ் கேட்டது.

வர்ணம் பூசுதலிலே நாம் இரண்டு தவறுகளைச் செய்தோம். மூடி மறைப்பது ஆசிரியனுக்கு அழகன்று. முதலாவது, கோப்பதற்கு முன்பே துண்டுகளுக்கு வர்ணம் பூசினாற் பிள்ளைகளுக்கு இலகு என்று எண்ணிப் பூசுவித்தோம். அடிப்பூச்சு ஒன்று, மேற்பூச்சு இரண்டு, அதுவும் இரண்டு பக்கமும். உலர்ந்தபின் கோக்கப் போனால் ஒரு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று போகவில்லை. பலகையின் தடிப்பு 15 மில்லிமீற்றர், பிளவின் அகலமும் 15 மில்லிமீற்றர் என்று கணக்கிட்ட கணித ஆசிரியர் வர்ணத்துக்கும் தடிப்பு உண்டு என்பதை மறந்துவிட்டார். தச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அரத்தை எடுத்துக் கொடுத்தார். இரண்டு சனிக்கிழமைகள் பிளவுகளை அராவினோம். இரண்டாவது, ஒட்டுப்பலகையின் வெட்டுவாய் தண்ணீரைக் குடிக்கும் என்பதை அறியாமல் விளிம்புகளை ஒரு பூச்சுடன் விட்டோம். முதல் மழையில் மூன்று கமக்காரர் விளிம்பு பொருமினர். இப்போது எல்லா விளிம்புக்கும் மூன்று பூச்சு. அடித்தட்டின் கீழே இறப்பர்க் கால். அதன் மேலே காற்று விழுத்தாதபடி உடைந்த கல்லின் பாரம்.

நிறத்தைப் பற்றியும் நீண்ட விவாதம் நடந்தது. கறுப்பு வெயிலிலே கூடுதலாகச் சூடேறும். மரம் விரிந்து சுருங்க வர்ணம் விரைவில் வெடிக்கும். தூய வெள்ளையில் மழைக்காலப் பாசி உடனே தெரியும். சட்டம் கேட்பது வெளிறிய நிறமும் கடும் நிறமும்தான். ஸ்கொட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831இற் கண்டெடுக்கப்பட்ட, 12ஆம் நூற்றாண்டுக்குரிய, வால்ரஸின் தந்தத்திற் செதுக்கிய புகழ்பெற்ற காய்களிலே சிலவற்றில் அன்று சிவப்புச் சாயம் காணப்பட்டது என்பதைச் சொன்னதும் வாக்கு அப்பக்கம் சாய்ந்தது. நமது படைகள் காவிச் சிவப்பும் சந்தன நிறமும். 2022இல் மாமல்லபுரத்திலே சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது சென்னையின் நேப்பியர் பாலம் முழுவதையும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக வர்ணம் தீட்டியதைக் காணொளியிற் பார்த்த சில மாணவர்கள், மண்டபத்தின் சுவரையும் அப்படித் தீட்டலாம் என்றார்கள். மண்டபம் இரவலாகத் தரப்பட்டது என்பதை அவர்களுக்கு நினைவூட்டவேண்டியிருந்தது.

கல் பதித்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஒரு கல் ஏறக்குறைய 23 கிலோ. 64 கற்கள் ஒன்றரைத் தொன். தந்தையர் எட்டுப்பேர் ஒரு ஞாயிறு முழுவதும் குனிந்து நின்று பதித்தார்கள். மாலையில் எல்லாரும் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வந்து, ஆடுபவரின் வலக்கை மூலையில் வெளிறிய கட்டம் அல்லவா வரவேண்டும் என்று கேட்டாள். கடும்நிறம் வந்திருந்தது. நாம்தான் வரைபடம் கொடுத்தவர்; எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. கற்களைக் கிளப்பவேண்டுமோ என்று ஒருவர் முனகினார். அச்சிறுமி பலகையைச் சுற்றி நடந்து பக்கவாட்டில் போய் நின்று, "இஞ்சை நிண்டு விளையாடினாச் சரி" என்றாள். ஒரு கல்லும் அசைக்கப்படவில்லை. பலகையை கால்வட்டம் திருப்பினால் மூலைகளின் நிறம் மாறும். திருப்ப முடியாத பலகைக்கு ஆட்கள் திரும்பினாற் போதும். ஆதலினாற்றான் இன்று ஒரு பக்கத்து ஆட்டக்காரர் வேலிச் செடியின்மீது முதுகை உரசிக்கொண்டு ஆடவேண்டியிருக்கிறது.

இப்போது நிலவறைக்கு வருவோம். பூட்டிவைக்க வேண்டும் என்போர் சொல்லும் காரணங்கள் இரண்டு. ஒன்று, வெயிலும் மழையும் பழுதாக்கும். இரண்டு, களவு போகும். முதலாவதற்கு விடை: ஆம், பழுதாகும். அதற்கு மருந்து ஆண்டுக்கு ஒருமுறை சவர்க்காரத் தண்ணீராற் கழுவி, மரம் தேய்க்கும் தாளால் மெல்லத் தேய்த்து, ஒரு பூச்சுப் பூசுவது. அதற்கு இரண்டு சனிக்கிழமை போதும். அன்று பூசப்போவோர் இப்போது பாலர் வகுப்பில் இருப்பவர்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்போவோர் இவ்வாண்டு பூசியவர்கள். காய்கள் புதிதுபோல் நிலவறையிற் கிடந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது? பனி கொட்டும் மூன்று மாதங்களிற் கூரையின் கீழே ஒதுக்கி வைப்பதற்கு நாம் எதிரல்லர். ஆனால் பொலித்தீன் வேண்டாம். இறுகச் சுற்றினால் உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழியின்றி மரத்தை உக்கச் செய்யும். இதை நாம் சொல்லவில்லை. தச்சர் சொன்னார், அதுவும் கூட்டத்திலே எழுந்து நின்று. அவர் கூட்டத்திற் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

களவு விடயத்திலும் மறைக்க ஒன்றுமில்லை. ஆடி மாதத்தில் ஒரு கமக்காரன் காணாமற் போனான். யார் கொண்டுபோனார் என்று ஊகித்துப் பேசுவதை அன்றே நிறுத்தும்படி கேட்டுக்கொண்டோம். 1990களில் பொருளாதாரத் தடைக்காலத்திலே நாம் மாணவராக இருந்தபோது, ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்திற் சோடா மூடிகளை வைத்துத்தான் சதுரங்கம் ஆடினோம். நிமிர்ந்த மூடி ஒரு படை, கவிழ்ந்த மூடி மறுபடை. மூடியின் மேலே கரியால் எழுத்து. ஒரு மூடி தொலைந்தால் அந்த இடத்தைப் புளியங்கொட்டை பிடிக்கும், ஆட்டம் நிற்காது. இங்கும் இரண்டு மாணவிகள் மீதிப் பலகைத் துண்டிற் புதிய கமக்காரன் ஒருவனைச் செய்தார்கள். அச்சுத்தாள் கிடைக்கவில்லை, கண்ணளவில் வெட்டியபடியால் அவன் மற்றவர்களிலும் மூன்று விரற்கிடை உயரமாக நிற்கிறான். இடப்பக்கத்திலிருந்து ஆறாவது ஆள், சந்தனநிறப் படை. பார்த்தால் உடனே தெரியும்.

பூட்டி வைத்தால் இழக்கப்போவதில் இன்னொன்றும் உண்டு. முற்றத்துக்கு எதிர்வீட்டிலே வசிக்கும் முதியவர் ஒருவர், நமது பிள்ளைகளின் சத்தத்தைப் பற்றி இருமுறை முறையிட்டவர், கோடையில் ஒருநாள் வேலியருகே வந்து நின்று பார்த்தார். மறுவாரம் உள்ளே வந்தார். இப்போது சனிக்கிழமைகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுடன் ஆடுகிறார். தோற்றாற் கோபிப்பார், போன மாதம் அரசனைக் கையால் தள்ளி விழுத்திவிட்டுப் போய்விட்டார், அரசனின் முடியிற் கீறல் இருக்கிறது. மறுபடியும் வந்தார். 'குதிரை' என்பதை அவர் 'குடிறை' என்று உச்சரிக்கும்போது நமது பிள்ளைகள் ஆசிரியரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு திருத்துகிறார்கள். அவர்கள் தமிழிலே மற்றவரைத் திருத்தியதை நாம் முன்பு கண்டதில்லை.

செலவு பற்றிய கேள்வியும் நியாயமானதே. பலகைக்கும் கல்லுக்கும் வர்ணத்துக்கும் ஆன தொகை, வெற்றிக்கிண்ணங்களுக்கென ஒதுக்கிய பணத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆகையால் இவ்வாண்டு கிண்ணங்கள் சற்றுச் சிறியவை. பரிசு பெறும் மாணவர்கள் மேடையில் அதை உணர்வார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

விழாவுக்கு அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெற்றோர் கூட்டம் இவ்விடயத்தை முடிவு செய்யும். கூட்டத்தை மண்டபத்துக்குள் அல்லாமற் பலகையருகே நடத்த நிர்வாகசபையிடம் அனுமதி பெற்றிருக்கிறோம். பூட்டவேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் தவறாது வருக. அரசனின் கீறலுக்கும் மூன்று கமக்காரரின் விளிம்புக்கும் அன்றே பூச்சு வேலை இருப்பதனாற் பழைய உடையில் வருவது நல்லது. அந்த வர்ணம் துணியிற் பட்டாற் போகாது.